உபயம்: லியோபோல்ட்

கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எண்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூரை. வெளியே பிரஸ்ஸல்ஸின் ஏப்ரல் குளிர். உள்ளே பனைகளும் பெரணிகளும் விடும் ஈர மூச்சு. அந்த மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் பட்டு நீராகி, வளைந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் வந்து தொங்குகிறது. கனம் தாங்காதபோது விழுகிறது. கீழே நிற்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

"நம்ம கொல்லையில மழ விட்டதும் ஒரு வாசம் வருமே மாப்பிள்ள, அதே வாசம்" என்றார் அத்தை. என் மனைவியின் அம்மா. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் கோட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தவர், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்து விசிறிக்கொண்டார். பனையின் உச்சியையும் அதற்கும் மேலே எழும்பிய கூரையையும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"எந்த மகராசன் கட்டுனானோ. புண்ணியவான்."

கட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கடைசிச் சொல் சுருக்கென்று தைத்தது.

*

இடம் லாக்கன். பிரஸ்ஸல்ஸின் வடக்கே, பெல்ஜிய அரச குடும்பம் வாழும் மாளிகையின் தோட்டம். ஆண்டு முழுக்கச் சாத்திக் கிடக்கும் கதவுகளை வசந்த காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் மட்டும் ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள். நூறு ஆண்டுக்கும் மேலான வழக்கம். முன்கூட்டியே சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஆற்றோட்டம்போல் நகரும் கூட்டத்தோடு நகர வேண்டும்.

உள்ளே இருப்பது ஒரு கூடமல்ல, கண்ணாடியால் ஆன ஓர் ஊர். மொத்தம் இரண்டரை ஹெக்டேர், நம் கணக்கில் ஆறு ஏக்கருக்கு மேல். நீண்ட நடைகூடங்களில் ஜெரேனியம் இருபுறமும் சுவராக ஏறி நிற்கிறது. தலைக்கு மேலே ஃபுக்சியா பூக்கள் வரிசை வரிசையாக ஜிமிக்கி போலத் தொங்குகின்றன. எல்லாவற்றுக்கும் நடுநாயகமான பெரிய குவிமாடத்துக்குக் குளிர்காலத் தோட்டம் என்று பெயர். குறுக்களவு 57 மீட்டர். 36 கல்தூண்கள் அதைத் தாங்குகின்றன. வடிவமைத்தவர் அல்ஃபோன்ஸ் பலாட். அவரிடம் தொழில் கற்ற விக்டர் ஓர்த்தாதான் பின்னாளில் இரும்பையும் கண்ணாடியையும் குடியிருக்கும் வீடுகளுக்குள் கொண்டுவந்து உலகப் பெயர் வாங்கியவர்.

வெயில் இல்லாத நாட்டுக்காரன் வெயில் நாட்டைத் தன் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் இதுதான் வழி. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு எட்டு லட்சம் லிட்டர் எண்ணெய் குடித்த கூடங்கள் இவை. 1880களில் எழுந்த ஒரு கூடத்துக்குக் காங்கோ கூடம் என்றே பெயர். 1890களில் இந்தச் செடிகளுக்கு நடுவிலேயே அரசன் தன் சொந்த வழிபாட்டுக்கு இரும்பில் ஒரு வட்டக் கோவிலும் கட்டிக்கொண்டான். பனைக்கு மூட்டிய சூட்டில் ஆண்டவரும் குளிர்காய்ந்திருப்பார்.

அந்த அரசன் இரண்டாம் லியோபோல்ட். 1865 முதல் 1909 வரை ஆண்டவன். 1909 டிசம்பரில் அவன் செத்ததும் இதே வளாகத்தில் பனைகளுக்கான கூடத்தோடு சேர்ந்த ஒரு மனையில்தான்.

*

1876ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத் தோட்டம் கட்டி முடிந்த ஆண்டு அது. அதே ஆண்டு செப்டம்பரில் லியோபோல்ட் உலகத்துப் புவியியலாளர்களையும் பயணிகளையும் பிரஸ்ஸல்ஸ் அரண்மனைக்கு அழைத்து மாநாடு நடத்தினான். நடு ஆப்பிரிக்காவுக்கு நாகரிகம் கொண்டுபோவது, அடிமை வியாபாரத்தை ஒழிப்பது என்பவை அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். வந்தவர்கள் உருகிப்போனார்கள். எவ்வளவு நல்ல மனசு!

அந்த நல்ல மனசு ஒன்பது ஆண்டில் என்ன சம்பாதித்தது தெரியுமா? 1884-85 பெர்லின் மாநாட்டின் கையோடு, பெல்ஜியத்தைப்போல் எழுபது மடங்குக்கும் மேல் பெரிய நிலப்பரப்பு காங்கோ சுதந்திர நாடு என்ற பெயரில் அவன் கைக்கு வந்தது. பெல்ஜிய நாட்டின் கைக்கு அல்ல, லியோபோல்ட் என்ற தனி ஆளின் கைக்கு. அந்த மண்ணில் அவன் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். உலகம் ரப்பருக்கு ஏங்கியது. காங்கோ காடுகளில் ரப்பர்க் கொடி தானாக வளர்ந்து கிடந்தது. அதிலிருந்து பாலெடுக்க ஆள் வேண்டும். கூலி கொடுக்க மனம் இல்லை. கிராமத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். ஆண்கள் காட்டுக்குள் போய் அளவை முடித்துத் திரும்பும்வரை பெண்களைப் பிணையாக அடைத்து வைத்தார்கள். அளவு குறைந்தால் துப்பாக்கி. சிப்பாய் தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்பதற்குச் சான்றாக, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வெட்டிய கையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கணக்கு சரிக்கட்ட உயிரோடு இருந்தவர்களின் கையையும் வெட்டினார்கள்.

1904இல் அலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ஒரு திண்ணையின் விளிம்பில் ஒருவர் பக்கவாட்டாக உட்கார்ந்திருக்கிறார். பெயர் ன்சாலா. அவர் முன்னால் தரையில் இரண்டு சிறு பொருள்கள். முதலில் பார்க்கும்போது அவை என்னவென்று பிடிபடாது. பிறகு பிடிபடும். ஐந்து வயது மகள் போவாலியின் ஒரு கையும் ஒரு பாதமும். அவர் அழவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எத்தனை உயிர் போயிற்று என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கே எடுக்காத நாட்டில் பிணக்கணக்கு எப்படிக் கிடைக்கும்? பல லட்சம் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஒரு கோடிவரை மதிப்பிட்டவர்களும் உண்டு.

*

இந்த அநியாயத்தை வெளியே இழுத்துப் போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. ஈ. டி. மோரல். 1890களின் இறுதியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோ கப்பல்களின் சரக்குக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்து வருகின்றன. போகும் கப்பலில் துணி உண்டா, உப்பு உண்டா, பண்டமாற்றுக்கு வேறு ஏதாவது உண்டா என்று பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. துப்பாக்கியும் தோட்டாவுமே அதிகம். கொடுக்காமல் வாங்க முடியுமென்றால் அதற்கு ஒரே பெயர்தான்: பறிப்பது. மோரல் அப்போது காங்கோவைக் கண்ணால் பார்த்தவரில்லை. அருள்வாக்கும் கேட்கவில்லை. வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பகுத்தறிவு என்றால் இதுதான். நாத்திகம் பேசுவது அதில் ஒரு பகுதி. மகானென்று ஊரே கும்பிடும்போது, இவர் கணக்கு எங்கே என்று கேட்பதுதான் அதன் முதுகெலும்பு.

அந்தக் கணக்கை நமக்குச் சாதகமாகவும் வளைக்கக் கூடாது. லாக்கன் கண்ணாடி அத்தனையும் காங்கோ ரத்தம் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. பெரிய குவிமாடம் 1876இல் முடிந்துவிட்டது. அப்போது காங்கோவே அவன் கையில் இல்லை. தொடக்க ஆண்டுகளில் காங்கோ அவனுக்கு நட்டம். பெல்ஜிய அரசிடம் கடன் வாங்கித் தாக்குப்பிடித்தான். ரப்பர் பணம் கொட்டத் தொடங்கியது 1890களின் நடுவில். இந்தக் கூடங்களில் பெரும்பாலானவை 1895க்குள் எழுந்துவிட்டன. கொட்டிய பணம் போன இடங்கள் வேறு: பிரஸ்ஸல்ஸின் ஐம்பதாண்டுப் பூங்காவில் 1905இல் திறந்த வெற்றி வளைவு, கடற்கரைக் கட்டடங்கள், இதே லாக்கன் மாளிகையின் விரிவாக்கம். பிடிக்காதவனைப் பற்றிப் பொய் சொல்வதும் மூடநம்பிக்கைதான். உண்மையே போதுமான அளவுக்குக் கொடூரமாக இருக்கிறது.

இன்னோர் உண்மை. 1897இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக 267 காங்கோ மக்களைக் கப்பலில் ஏற்றி வந்து, டெர்வூரன் பூங்காவில் குடிசை போட்டுக் காட்சிக்கு வைத்தார்கள். மழையிலும் குளிரிலும் நோயுற்று ஏழு பேர் இறந்தார்கள். அங்குள்ள தேவாலயத்தின் அருகே அவர்களின் ஏழு கல்லறைகளும் இன்றும் வரிசையாக இருக்கின்றன. வெப்பநாட்டுச் செடிக்குக் குளிர் ஆகாது என்று அந்த அரசனுக்குத் தெரிந்திருந்தது. இருபது ஆண்டாகத் தெரிந்திருந்தது. அதற்காகக் கண்ணாடி ஊரே கட்டியவன் அவன்.

*

"அப்ப இத யாருக்குக் குடுத்துட்டுப் போனான்?" என்று, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்த அத்தை கேட்டார். ஃபுக்சியா நடைகூடத்தில் கூட்டம் நின்று நின்று நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி ஒவ்வொரு பூவாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நல்ல கேள்வி. 1900இல் லியோபோல்ட் தன் மாளிகைகளையும் தோட்டங்களையும் நிலங்களையும் பெல்ஜிய நாட்டுக்கே தானமாக எழுதி வைத்தான். அரச நன்கொடை என்று அதற்குப் பெயர். நிபந்தனைகள் உண்டு: விற்கக் கூடாது, சிலவற்றின் தோற்றத்தையும் பயனையும் மாற்றக் கூடாது, அரியணைக்கு வரும் வாரிசுகள் அனுபவிக்கலாம். மூன்று பெண்பிள்ளைகள் வழியாகச் சொத்து அயல்நாட்டு மருமகன்களிடம் போய்விடக் கூடாது என்பது அவன் கவலை. ஊருக்கு எழுதிவைத்த சத்திரத்துக்குத் தன் குடும்பத்தையே பரம்பரை அறங்காவலராகப் போடும் நம்மூர்ப் பண்ணையார்களை நினைத்துக்கொண்டேன். பெயர் தர்மம், சாவி நம் இடுப்பில்.

1908இல் உலகத்தின் கூச்சல் தாங்காமல் காங்கோவை அவனிடமிருந்து பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்டது. எப்படி எடுத்துக்கொண்டது? அவன் வைத்திருந்த 11 கோடி பிராங்க் கடனை ஏற்றது. அவன் தொடங்கியிருந்த கட்டட வேலைகளை முடிக்க 4.55 கோடி பிராங்க் ஒதுக்கியது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லாக்கனுக்கு. அதற்கும் மேல், காங்கோவுக்காக அரசர் செய்த பெருந்தியாகத்துக்கு நன்றியாக அவனுக்கு 5 கோடி பிராங்க். அந்தத் தொகையும் காங்கோவிலிருந்தே வர வேண்டும் என்பது ஏற்பாடு. கை இழந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுக்க வேண்டிய நன்றிப்பணம்.

நாட்டை ஒப்படைக்கும் முன் இன்னொரு காரியமும் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் எட்டு நாள் அடுப்பு எரிந்தது. எரிந்தவை காங்கோ ஆவணங்கள். கணக்கைக் கண்டு யார் அஞ்சுவார்கள் என்பதைக் கணக்குப் போட்டவனைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

*

இங்கேதான் என் கேள்வி. லியோபோல்ட் கஞ்சன் அல்ல. ஊருக்குப் பூங்கா கொடுத்தான், வளைவு கொடுத்தான், அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினான், ஆண்டவருக்குக் கோவில் கொடுத்தான். கடைசியில் எல்லாவற்றையும் நாட்டுக்கே எழுதிவைத்தான். இதில் புண்ணியம் எவ்வளவு?

பூஜ்யம் என்கிறேன். காரணம் எளியது. ன்சாலாவுக்குப் பட்ட கடனைப் பிரஸ்ஸல்ஸ்காரனிடம் அடைக்க முடியாது. கடன் என்பது பட்ட ஆளோடு கட்டுண்டது. எதிர்வீட்டுக்காரனிடம் பத்தாயிரம் பிடுங்கிக்கொண்டு, தெருக்கோடிப் பிள்ளையாருக்கு ஐயாயிரம் கொடுத்தால் பாதிக் கடன் கழியுமா? முழுக் கடன் அப்படியே நிற்கிறது. கூடவே எதிர்வீட்டுக்காரன் காசில் எனக்கு நல்ல பெயரும் சேர்ந்துவிடுகிறது. அதாவது இரண்டாவது முறையும் அவனிடமே திருடியிருக்கிறேன்.

இந்த எளிய கூட்டல் கழித்தல் நம் மனத்தில் ஏன் ஏறுவதில்லை? புண்ணியம் என்றொரு பொதுக் கஜானா எங்கோ மேலே இருப்பதாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். யாரிடம் எடுத்தாலும் சரி, யாருக்குக் கொடுத்தாலும் சரி, மேலே ஒரே பேரேட்டில் கூட்டிக் கழித்துவிடுவார்களாம். அந்தப் பேரேட்டை யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாது என்பதே அதன் வசதி. கூலியை அரையும் குறையுமாகக் கொடுத்த முதலாளி, ஆடி மாதம் கூழ் ஊற்றினால் கணக்கு நேராகிவிடுகிறது. கந்துவட்டியில் ஊரை உறிஞ்சியவர் கோபுரத்துக்குத் தங்கமுலாம் பூசினால் வள்ளலாகிவிடுகிறார். வாங்கிக்கொள்ளும் தெய்வமும் ரசீது கேட்பதில்லை.

நம் கோவில்களில் குழல்விளக்கைப் பார்த்திருப்பீர்கள். உபயம் என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். எழுத்து மறைத்தது போக மிச்சம்தான் வெளிச்சம். லாக்கனில் நான் பார்த்தது இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு குழல்விளக்கு.

*

அந்தக் காலம் அப்படி, இன்றைய நியாயத்தை அன்றைக்குப் பொருத்தலாமா என்று கேட்பார்கள். அன்றைய நியாயமே அவனைக் குற்றவாளி என்றது. 1890இலேயே ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் காங்கோவுக்கு நேரில் போய்விட்டு லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1904இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை வந்தது. அதே ஆண்டு மோரல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலம் என்பது லியோபோல்ட் மட்டும் வாழ்ந்த காலம் அல்ல. இவர்களும் வாழ்ந்த காலம். ன்சாலாவும் வாழ்ந்த காலம்.

அழகை ரசிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக ரசியுங்கள். நானும் ரசித்தேன். பெரணி எந்தக் குற்றமும் செய்யவில்லை. சட்டத்தை முறுக்கிய கொல்லனும் செய்யவில்லை. லாக்கனுக்குப் போகாமல் இருந்தால் காங்கோவில் ஒருவருக்கும் ஒரு வேளைச் சோறு கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. பார்த்துவிட்டுக் கையைக் கூப்பாமல் வந்தால் போதும்.

அதுதான் வருந்திவிட்டார்களே என்பவர்களும் உண்டு. ஆமாம். 2020 ஜூன் 30, காங்கோ விடுதலை பெற்ற அறுபதாம் ஆண்டு நாளில், இன்றைய அரசர் ஃபிலிப் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். 2022இல் காங்கோவுக்கே போய் அதையே சொன்னார். அதே ஆண்டு இறுதியில், காலனியக் கடந்தகாலத்தை ஆராய்ந்த பெல்ஜிய நாடாளுமன்றக் குழு, மன்னிப்புக் கேட்கலாமா என்ற இடத்தில் ஒத்துப்போக முடியாமல் கலைந்தது. மன்னிப்பு என்று வாயால் சொன்னால் நாளைக்கு இழப்பீடு என்று கையை நீட்டுவார்களோ என்ற அச்சம். வருத்தத்துக்கும் மன்னிப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

அவர்களை விடுங்கள். கூடத்துக்குள் நடந்தபடி காங்கோவை நினைத்து நெஞ்சு கனத்த என்னையும் கேட்டுக்கொண்டேன். அந்தக் கனத்தால் யாருக்கு என்ன லாபம்? மனம் நொந்ததாலேயே நான் நல்லவன் என்று ஒரு திருப்தி உள்ளே ஊறியது. இதுவும் உபயம்தான். பெயிண்ட் மட்டும் வேறு நிறம்.

*

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை அத்தை பிரித்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். 1876 என்று சொன்னேனே, அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்கு ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். அங்கே இதைப் போன்ற கண்ணாடிக் கூடங்களில் விதைத்ததில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. அதில் 1,900 அளவுக்குக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். பிறகு மலாயாவிலும் அந்த இனம் பரவியது. 1910களில் தோட்டத்து ரப்பர் மலிந்ததும் காட்டு ரப்பர் வியாபாரம் படுத்தது. காங்கோ காட்டில் பால் எடுத்த கைகளின் வேலை இன்னொரு கூட்டத்தின் கைக்கு மாறியது.

"நம்ம ஆளுவ கைக்கு" என்றார் அத்தை. "பால்மரம் வெட்டப் போனவங்க."

"ஆமாங்க அத்தை."

"ஒங்க தாத்தா கூட்டிட்டுப் போனாவளே, அவங்க."

சோற்றை வாயருகே கொண்டுபோன கை நின்றது.

என் தாத்தா மலாயாவில் கங்காணி. தோட்டத்துரையிடம் சீட்டும் பணமும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவார். தெருத்தெருவாகச் சொந்தபந்தத்திடமே பேசி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றி, பினாங்கில் இறக்குவார். ஆள் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். சட்டப்படி கப்பல் கூலி யார் தலையிலும் கடனாக ஏறவில்லைதான். ஆனால் தோட்டத்தில் மளிகைக் கடை அவருடையது; கைமாற்றுக் கொடுப்பதும் அவர்தான். 1938இல் ஆள் பிடிப்பதை இந்திய அரசு நிறுத்தியபோது, சேர்த்ததோடு ஊர் திரும்பினார். ஓட்டுவீடு கட்டினார். மாரியம்மன் கோவிலுக்கு மணியும் கருங்கல் படியும் செய்துவைத்தார். படியில் இன்றும் இருக்கிறது: உபயம், மலாயா, அதற்குப் பிறகு அவர் பெயர். சின்ன வயதில் அந்தப் படியில் நின்று மணியடித்து நெஞ்சு நிமிர்ந்திருக்கிறேன். பெரியவனாகி, கடவுள் இல்லை என்று முடிவு செய்தேன். படியில் இருந்த பெயரைப் பற்றி எதையும் முடிவு செய்யவில்லை.

"எங்க பெரியப்பா அந்தக் கடைசிக் கூட்டத்துலதான் போனாரு" என்றார் அத்தை. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "கடைப்பத்து தீந்ததும் வர்றேன்னு ஒரு கடுதாசி. அதுக்குள்ள சண்ட வந்துட்டு. சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிட்டானுவ. அப்பறம் ஒண்ணும் தெரியல." தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடினார். "அந்த மணியடிக்கிறப்பல்லாம் எங்க அப்பா மொகத்தத் திருப்பிக்குவாரு. ஏன்னு எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது."

லியோபோல்டையும் என் தாத்தாவையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். அவர் யார் கையையும் வெட்டவில்லை. மேலே ஒரு துரை, துரைக்கு மேலே ஒரு கம்பெனி. ஆனால் அளவுதான் வேறு, கணக்கு எழுதிய முறை ஒன்றுதான். எடுத்தது ஒரு வீட்டில், கொடுத்தது இன்னோர் இடத்தில், பெயர் கல்லில். தூரத்து ராஜாவின் கணக்கைக் கேட்பதற்கு எந்தத் துணிச்சலும் வேண்டியதில்லை. அதை ஒரு மணி நேரமாக நான் வீராவேசமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் பேசினேன். தாத்தாவின் தகரப்பெட்டி பரணில் இருக்கிறது, அதற்குள் நீள வாக்கில் ஒரு நோட்டு. குடும்ப நினைவுப்பொருள் என்று பத்திரமாக வைத்திருக்கிறோம். லியோபோல்ட் எரித்தான், நாங்கள் எரிக்கவில்லை, படிக்கவும் இல்லை. எண்பது ஆண்டாகப் பலன் ஒன்றுதான். அண்ணன் முதலில் முணுமுணுத்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு பக்கமாக வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார்.

ஊதா மை. முத்துமுத்தான கையெழுத்து. பக்கத்துக்கு ஒரு பெயர், மொத்தம் முப்பத்தொரு பெயர். அரிசி, கருவாடு, வேட்டி, கைமாற்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு போட்டு, வெள்ளிக் கணக்கில் ஒரு தொகை. பத்தொன்பதாவது பக்கத்தில் அத்தையின் பெரியப்பா. பற்று பதினாலு வெள்ளி.

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பதினாலு வெள்ளி பாக்கின்னு போட்ருக்கே மாப்பிள்ள. இது அவரு குடுக்க வேண்டியதா, ஒங்க தாத்தா குடுக்க வேண்டியதா?"

நோட்டை எழுதியவரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அத்தை படிக்கப் படிக்க எழுதினேன்: பெயர், தெரு, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள். இருபத்திரண்டு வீடு அவருக்குத் தெரிந்திருந்தது. மீதி ஒன்பதுக்கு அண்ணனைக் கேட்க வேண்டும்.